செயலாளரின் ஆண்டறிக்கை: சங்கத்தின் மின்னஞ்சல் இடம் மாறிய கதை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு என் நேரத்தைத் தின்றது சங்கத்தின் மின்னஞ்சல்தான்.

"நம் கடிதங்கள் ஏன் அடுத்தவர் கம்ப்யூட்டரில் கிடக்க வேண்டும்? நாமே மெயில் சர்வர் போடலாமே" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டீர்கள். தீர்மானமும் நிறைவேறியது. ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, கடிதங்களை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல் பெட்டியைத் திறந்து காட்டும் டவ்காட் என்ற இரு மென்பொருள்களை நிறுவினோம். இரண்டே நாளில் அஞ்சல் வரத் தொடங்கியது. அனுப்பத்தான் முடியவில்லை.

ஸ்பேமுக்குப் பயந்து, வாடகை சர்வர் நிறுவனங்கள் பலவும் கடிதங்கள் வெளியே போகும் வாசலான போர்ட் 25-ஐப் பூட்டியே தருகின்றன. கெஞ்சித் திறக்க வைத்தோம். அப்புறம், கடிதம் உண்மையில் நம்முடையதுதான் என்று பெறும் சர்வர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க், ரிவர்ஸ் டிஎன்எஸ் என்ற அமைப்புகளை ஒவ்வொன்றாக அமைத்தோம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இவற்றில் கறாராகிவிட்டன. எல்லாம் சரியாக இருந்தும் நம் கடிதங்கள் ஸ்பேமுக்கே போயின. நமக்கு முன் அந்த ஐபி முகவரியில் (இணையத்தில் சர்வரின் எண்) குடியிருந்தவர் என்ன செய்தாரோ, பழி நம் தலையில். "கூட்ட அறிவிப்பே வரவில்லை" என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் தயவுசெய்து ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்க்கவும்.

பிறகு ஒருநாள் யாருக்கும் அஞ்சல் பெட்டி திறக்கவில்லை. சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் 90 நாள் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஆனால் டவ்காட்டை மீண்டும் ஏற்றாததால் அது காலாவதியான பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆளான துணைச் செயலாளர் பயணத்தில் இருந்தார். அவர் ஊர் திரும்பும்வரை காத்திருந்தோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சர்வர் ஓரிரு நாள் படுத்தாலும் வரும் கடிதம் தொலையாது. அனுப்பும் சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும். ஆகவே என் கவலை சர்வர் படுப்பதைப் பற்றியல்ல, எழுப்ப ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்பதைப் பற்றி. அந்தரங்கம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஜிமெயிலில் இருக்கும்போது, நாம் அனுப்பும் கடிதத்தின் பிரதி எப்படியும் அங்கே போய்விடுகிறது.

எனவே செயற்குழு அஞ்சல் பெட்டிகளை ஒரு கட்டணச் சேவைக்கு மாற்றியது. முகவரி அதே டொமைனில்தான் (@ குறிக்குப் பின் வரும் பெயர்). வரும் கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவையும், எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளையும் மாற்றினோம். நாளை அந்தச் சேவை பிடிக்காவிட்டால் இதே வழியில் வெளியேறலாம். பழைய கடிதங்கள் ஐமேப் என்ற அஞ்சல் படிக்கும் முறை வழியாக வந்து சேர்ந்தன. மாதம் ஒருமுறை நாமே நகல் எடுக்கிறோம்.

இந்த வேலையின்போதுதான் நம் டொமைன் ஒரு முன்னாள் நிர்வாகியின் சொந்தக் கணக்கில் பதிவாகியிருப்பது தெரிந்தது. அவர் புதுப்பிக்க மறந்திருந்தால், எந்த சர்வர் வைத்திருந்தும் பயனில்லை. இப்போது அது சங்கத்தின் பெயரில், இரு நிர்வாகிகள் பொறுப்பில் இருக்கிறது. அந்த டொமைன் கணக்கின் மீட்பு முகவரியை (கடவுச்சொல் மறந்தால் உதவும் மின்னஞ்சல்) வேறு டொமைனில் வைத்திருக்கிறோம். பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைப்பானேன்?

பொதுக்குழுத் தீர்மானத்தைச் செயற்குழு மாற்றியது முறையல்ல என்பதை அறிவேன். பின்னேற்பு ஒப்புதலைக் கோருகிறேன். பழைய சர்வரின் வாடகை அடுத்த மாதத்தோடு நிற்கிறது.

செயலாளர்