ஞாயிறு சந்திப்பு: சுழலும் மாதிரித் தாங்கி

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, 12ஆம் திகதி, காலை 9.30க்கு உப்புவெளியில் என் வீட்டில் கூடி, சுழலும் மாதிரித் தாங்கி ஒன்றைச் செய்து பார்க்கிறோம். ஆய்வுகூடத்தில் காந்தப்புலத்துக்குள் வைத்துச் சோதிக்கும் துண்டை (அதுதான் 'மாதிரி') பிடித்துத் திருப்பும் கருவி அது. பெரிய காந்தத்தைத் திருப்ப ஏலாது, அதனால் 4.2 கெல்வின் (ஏறத்தாழ −269 பாகை செல்சியஸ்) திரவ ஹீலியத்துக்குள் கிடக்கும் பளிங்கு மாதிரியைத்தான் நூலாலோ பற்சில்லாலோ திருப்புகிறார்கள். அந்தக் குளிரில் துளி உராய்வும் மாதிரியைச் சூடாக்கிவிடும், முழுத் தலையிடியும் அதுதான்.

1. தங்கூசி (நைலோன் நூல்) ஒரு சுருள், வெறும் நூற்கட்டை ஒன்று கொண்டு வாருங்கள். உலோகக் கப்பி வேண்டாம், மாறும் காந்தப்புலத்தில் உலோகத்துக்குள்ளேயே சுழன்றோடும் மின்னோட்டம் (சுழிப்போட்டம்) உண்டாகிச் சூடேறும்.
2. போனமுறை நாங்கள் செய்த தாங்கி, எதிர்ப்பக்கம் திருப்பும்போது 3 பாகை பிந்தியது. பற்சில்லின் பற்களுக்கிடையே இடைவெளி! இம்முறை கோணத்தை காந்தப்புலத்தை அளக்கும் ஹோல் உணரியால் பார்ப்போம்.
3. உயர்தரப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

வெள்ளி இரவுக்குள் எத்தனை பேர் என்று எழுதுங்கள், பெருவிரலை மட்டும் காட்டினால் தேத்தண்ணிக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.