தாவீதும் தெல் தான் கல்லும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விவிலியம் கூறும் மன்னன் தாவீது வெறும் கற்பனைப் பாத்திரமே என்று எங்கள் ராயபுரம் டீக்கடைகளில் அடித்துப் பேசுவோர், 1993-இல் வடக்கு இஸ்ரேலின் தெல் தானில் பழைய சுவரொன்றில் கட்டுக்கல்லாகச் செருகியிருந்த கருங்கல் துண்டைக் கணக்கில் கொள்வதில்லை. கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் அராமிய மன்னன் ஒருவன் தன் வெற்றியைப் பொறித்த அக்கல்லில் ‘தாவீதின் வீடு’ என யூதா நாட்டின் அரச மரபு குறிக்கப்படுகிறது. அதாவது, நூறாண்டுக்குப் பின்னும் பகைவரே அம்மரபைத் தாவீதின் பெயரால் அறிந்திருந்தனர். பிற்கால இஸ்ரேல் மன்னன் ஆகாபுக்கோ கி.மு. 853-இல் நடந்த போரைக் கூறும் அசீரியக் கல்வெட்டே இருக்கிறது. தாவீதின் மகன் சாலொமோனைப் பெயர் சொல்லும் சமகாலக் கல்வெட்டு மட்டும் (பலருக்கு இது கசக்கும்) இதுவரை கிடைக்கவில்லை. மரபைத் தொடங்கியவன் வாழ்ந்தான் என்பதற்கான சான்றை, அவன் பேரரசு ஆண்டதற்கான சான்றாகப் பிரசங்க மேடைகளில் நீட்டிப் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை.

இப்படிக்கு,
வாசகர், ராயபுரம், சென்னை-13