சுவரில் படிந்த வெள்ளக் கோட்டைக் கழுவ முன்னர் அளந்து வையுங்கள்

ஆசிரியருக்கு,

ஐயா,

வெள்ளம் வடிந்ததும் எங்கள் சனம் செய்கிற முதல் வேலை வீடு கழுவுவது. சுவரில் படிந்த சேற்றுக் கோடும் அத்தோடு போய்விடுகிறது. கிராம அலுவலர் விபரம் எடுக்க வரும்போது "இவ்வளவு உயரம் நிண்டது" என்று கையால் காட்டுவதற்கு மேல் எவரிடமும் ஒன்றும் இருப்பதில்லை. 2018 டிசம்பரிலும், 2024 நவம்பரிலும், டித்வா புயல் வந்த 2025 நவம்பரிலும் வன்னியின் பல கிராமங்களில் இதுதான் நடந்தது. நட்டஈடு பற்றியும் வெள்ளக் காப்புறுதி பற்றியும் இப்போது நிறையப் பேசப்படுகிறது. எந்த இடத்தில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று கிராமத்துக்குக் கிராமம் அளந்து வரைந்த வெள்ளப்படம் கையில் இல்லாமல் எந்தக் காப்புறுதியும் வன்னியில் ஒழுங்காக நடக்காது என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

கொழும்பில் கணினியில் வரைந்த படம் போதாதா என்று கேட்கலாம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் உயரக் கோடுகள் 20 மீற்றருக்கு ஒன்று. வன்னி நிலம் தட்டையானது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரு முழுக் கிராமமும் அடங்கிவிடும். செய்மதி உயரத் தரவுகளை இலவசமாகப் பெறலாம் என்றாலும் அவற்றின் பிழை சில மீற்றர் வரை போகும். காடும் பனங்கூடலும் உள்ள இடத்தில் மரத்தின் உச்சியையே நிலமென்று காட்டும். எங்களுக்கோ இரண்டு அடிதான் வீடு தப்புவதற்கும் மூழ்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

வெள்ளம் நிற்கும்போது செய்மதிப் படம் எடுத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. முகிலை ஊடுருவிப் பார்க்கும் ராடர் செய்மதிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு செய்மதி அதே பாதையில் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் செல்லும். எங்கள் வெள்ளம் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், கார்த்திகையில் காலபோக (மாரிப் போக) வயல் எல்லாமே தண்ணீர் கட்டிய வயல்தான். ராடருக்கு வரம்புக்குள் நிற்கும் பாய்ச்சல் தண்ணீரும் வரம்பை மேவிய வெள்ளமும் ஒன்றாகவே தெரியும். அந்தப் படத்தை மட்டும் நம்பினால் நட்டமில்லாத வயலுக்குக் காசு போகும், வளவுக்குள் மரங்களின் கீழ் வெள்ளம் நின்ற வீட்டுக்குப் போகாது.

ஆகவே தரையில் அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. மேசன்மார் தண்ணீர் நிரப்பி அத்திவாரம் மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் குழாய் முப்பது மீற்றர், அளவு நாடா, எனாமல் பெயின்ற் ஒரு ரின், ஒரு கொப்பி, மூன்று பேர் போதும்.

முதலில் ஊரில் அசையாத ஓர் இடத்தைத் தேர வேண்டும்: பாலத்தின் கொங்கிறீற்று விளிம்பு, பாடசாலைப் படி, கோயில் அத்திவாரம், குளத்திலிருந்து தண்ணீர் திறக்கும் துரிசின் மேற்தளம். துரிசில் நீர்ப்பாசனத் திணைக்களம் உயரம் அளந்து பொறித்த மட்டக்குறி இருந்தால் அதுவே மிக நல்லது. ஊரின் அளவுகள் எல்லாம் குளத்தின் அளவோடு பொருந்திவிடும். குழாயின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால், அங்கிருந்து அந்தக் குழாயால் இருபது இருபது மீற்றராக ஒவ்வொரு வெள்ளக் குறிக்கும் உயரத்தைக் கொண்டுபோக வேண்டும். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றாலே அளவு பிசகும். பாதிக் குழாய் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தாலும் பிசகும். காலையில், குழாயை மெல்லத் தட்டிக் குமிழியை வெளியேற்றிய பிறகு அளப்பது நல்லது. முடிந்ததும் தொடங்கிய இடத்துக்கே அளந்துகொண்டு திரும்ப வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ பிழை. திரும்பவும் அளக்க வேண்டியதுதான். கைத்தொலைபேசி இடத்தைச் சில மீற்றருக்குள் சரியாகக் காட்டும், அதைப் படத்தில் இடம் குறிக்கப் பாவிக்கலாம். அது காட்டும் உயரத்தை எக்காரணம் கொண்டும் எழுத வேண்டாம்.

எந்தக் குறியை நம்புவது என்பதில்தான் அனுபவம் தேவைப்படுகிறது. வெளிச்சுவரில் தண்ணீரின் அலையும், வாகனம் போனதால் எழும் சுழிப்பும் அடித்துக் கோட்டை உயர்த்திவிடும். பூட்டிய அறையின் உட்சுவரில், அலுமாரிக்குப் பின்னால் உள்ள கோடு மிகவும் நம்பத்தக்கது. ஒரே சுவரில் இரண்டு மூன்று கோடுகள் இருக்கும். அடியில் தடிப்பாக உள்ளது தண்ணீர் வடியும்போது தங்கி நின்ற மட்டம். உச்ச மட்டம் அதற்கு மேலே, மெல்லிய மண்ணிறக் கீறாக, உமியும் சிறு இலைத்துண்டும் ஒட்டியபடி இருக்கும். பலர் தடித்த கோட்டையே அளந்து ஏமாறுகிறார்கள். முட்கம்பி வேலியில் தொங்கும் வைக்கோலைக் கடைசியாக மட்டுமே நம்பலாம், ஏனென்றால் வேகமாக ஓடும் தண்ணீர் அதை உண்மை மட்டத்துக்கு மேலே தூக்கி விடும்.

உயரத்தோடு வேறு இரண்டு விடயங்களையும் அதே கொப்பியில் எழுத வேண்டும். ஒன்று, எந்தப் பக்கத்தால் எத்தனை மணிக்கு வந்தது, எந்த வேகத்தில் வந்தது. முழங்கால் அளவு தண்ணீரே வேகமாக ஓடினால் ஆளை விழுத்தும். ஓடாமல் நின்ற தண்ணீர் இடுப்பளவு என்றாலும் பெரும்பாலும் நடந்து வெளியேறலாம். மற்றது, எத்தனை நாள் நின்றது. நெல்லுக்கு இதுதான் உயிர். வளர்ந்த பயிர் நுனி வெளியே தெரிய நின்றால் பல நாள் தாங்கும். முழுவதும் மூழ்கி நாலைந்து நாள் சென்றால் அழுகத் தொடங்கிவிடும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் தண்ணீர் வடிந்த பிறகு பச்சையாகவே நிற்கும், ஆனால் பெரும்பாலும் பதர். மேலோட்டமாகப் பார்க்கும் உத்தியோகத்தர் "அழிவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

வன்னி வெள்ளம் ஆறு பெருகி மட்டும் வருவதல்ல. கனகராயன் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரணைமடுக் குளத்தை நிரப்பி, வான் (நிரம்பிய குளத்தின் மேலதிக நீர் வெளியேறும் வழி) பாய்ந்து, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமாகச் சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போகிறது. இரணைமடுவின் நீரேந்து பரப்பு (மழைநீர் ஓடி வந்து சேரும் நிலம்) 500 சதுர கிலோமீற்றருக்கு மேல். ஒரு சதுர கிலோமீற்றரில் பெய்யும் ஒரு மில்லிமீற்றர் மழை 1,000 கன மீற்றர். நிலம் ஊறிக் கிடக்கும்போது 200 மில்லிமீற்றர் பெய்து அதில் பாதி ஓடி வந்தாலே 5 கோடி கன மீற்றர் தண்ணீர் குளத்துக்கு வந்து சேரும். 2018 டிசம்பரில் குளம் புதிதாக உயர்த்தப்பட்ட 36 அடி மட்டத்துக்கு நிரம்பி நின்றபோது பெருமழை கொட்டியது. வான் கதவு எவ்வளவு திறந்தால் எந்தக் கிராமத்தில் எத்தனை அடி, எத்தனை மணித்தியாலத்தின் பின் என்ற அட்டவணை கீழ்க் கிராமங்களின் கையில் இருக்க வேண்டும். சனத்துக்குச் "சில கதவுகள் திறக்கப்பட்டுள்ளன" என்ற அறிவித்தல் பிரயோசனப்படாது. "இன்னும் ஆறு மணித்தியாலத்தில் பாடசாலைப் படிக்குத் தண்ணீர் வரும்" என்பதுதான் பிரயோசனப்படும்.

அருவி ஆற்றில் கதை வேறு. அங்கே தண்ணீர் அனுராதபுரப் பக்கத்து மழையால் வருகிறது. மன்னாரில் வெயில் எறிக்கும்போதே ஆறு கரை மேவும். முல்லைத்தீவுப் பக்கத்தில் நந்திக்கடல், நாயாறு முகத்துவாரங்கள் மணலால் மூடிக் கிடந்தால் ஏறிய தண்ணீர் இறங்காது. இதற்குமேல் உயர்த்திப் போட்ட வீதிகளும் அணைபோல மறிக்கின்றன; வீதியின் கீழ் தண்ணீர் போகும் மதவு சிறிதென்றால் வீதியின் ஒரு பக்கம் மூழ்க மறுபக்கம் காய்ந்து கிடக்கும். சிறு குளங்களின் உடைப்பையும் படத்தில் சேர்க்க வேண்டும். குளக்கட்டு பெரும்பாலும் துரிசை ஒட்டித்தான் உடைகிறது, அல்லது பழைய மரவேரும் கறையான் புற்றும் உள்ள இடத்தில். இன்னும் கொஞ்சம் தண்ணீர் மறிக்கலாம் என்று வானில் மண்மூட்டை அடுக்கும் வழக்கத்தைக் கமக்காரர் அமைப்புகள் கைவிடத்தான் வேண்டும். அந்த ஒரு அடித் தண்ணீருக்காகக் கட்டையே இழந்த குளங்கள் உண்டு.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். கணக்கு எளிது. ஒரு வீட்டில் வெள்ளத்தால் 5 இலட்சம் ரூபா நட்டம் வருமென்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மூழ்கும் இடமென்றால் நிறுவனம் செலவும் இலாபமும் சேர்க்காமலே ஆண்டுக்கு 50,000 ரூபா வாங்க வேண்டும். நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் 5,000 போதும். படம் இல்லாவிட்டால் இரண்டு வீடும் நிறுவனத்துக்கு ஒன்றுதான். ஒன்றில் எல்லோருக்கும் கூடிய கட்டணம் போடும், இல்லையேல் "வெள்ளப் பிரதேசம்" என்று முழுப் பிரிவையும் ஒதுக்கிவிடும். மேட்டில் இருப்பவர் சேரமாட்டார். பள்ளத்தில் இருப்பவர் மட்டும் சேருவார். இரண்டு மாரியில் திட்டம் முடங்கும்.

"நூறு ஆண்டு வெள்ளம்" என்ற சொல்லும் ஏமாற்றும். போன வருடம் வந்தது, இனி நூறு வருடத்துக்கு வராது என்பதல்ல பொருள். ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். ஒரு வீட்டின் முப்பது ஆண்டில் அது வருவதற்கு நாலில் ஒரு பங்குக்கும் சற்று அதிக வாய்ப்புண்டு. பத்து ஆண்டு வெள்ளம் பத்து ஆண்டுக்குள் வருவதற்கு நூற்றுக்கு 65.

ஆகவே அடிக்கடி மூழ்கும் பள்ளத்துக்குச் சந்தைக் காப்புறுதி மருந்தல்ல. அங்கே அத்திவாரத்தை வெள்ளக் குறிக்கு மேல் குறைந்தது ஒரு அடி உயர்த்த உதவ வேண்டும், அல்லது குடும்பங்களின் சம்மதத்தோடு மேட்டுக்காணி கொடுக்க வேண்டும். இருபது, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை மூழ்கும் நடுப்பகுதிக்குத்தான் காப்புறுதி பொருத்தம். அங்கே கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்றால் எல்லோரும் சேரலாம்.

இருப்பவற்றையும் சொல்ல வேண்டும். 2016 இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினூடாகத் தொடங்கிய இயற்கை அனர்த்தக் காப்புறுதியில் வீட்டுக்கு உச்சமாக 25 இலட்சம் ரூபா என்று வைத்திருந்தார்கள். நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், சோயா, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்குக் கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையின் கட்டணமில்லாக் காப்பில் 2024 வெள்ளத்தின்போது ஏக்கருக்கு உச்சம் 40,000 ரூபா. உழவு, விதை, உரம், களைநாசினி என்று போட்ட காசுக்கு அது கிட்டவும் வராது. அதைப் பெறுவதற்கும் கமநல சேவை நிலையத்தில் அந்தப் போகத்துக்கான ஏக்கர் பதிவு சரியாக இருக்க வேண்டும். குத்தகைக்குச் செய்பவரின் பெயர் பதிவில் இல்லாததால் நட்டம் ஒருவருக்கு, காசு இன்னொருவருக்கு என்று முடிகிற வழக்குகள் ஏராளம். விதைப்புக்கு முன்னரே குத்தகைக்காரர் பெயரை எழுத்தில் கொடுங்கள்.

தனியார் வீட்டுக் காப்புறுதி எடுப்பவர்கள் இரண்டு வரிகளைத் தேடி வாசிக்க வேண்டும். வெள்ளம் பொதுவாகத் தீக் காப்புறுதியோடு மேலதிகமாகச் சேர்க்கப்படுவது. சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, பெறுமதியைக் குறைத்துக் காட்டினால் நட்டஈடும் அதே விகிதத்தில் குறையும். 40 இலட்சம் பெறுமதியான வீட்டை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து 10 இலட்சம் நட்டம் வந்தால் 5 இலட்சம்தான் கிடைக்கும். அதிலும் உரிமையாளர் தாங்க வேண்டிய பங்கைக் கழிப்பார்கள்.

மழை அளவை வைத்து உடனே காசு கொடுக்கும் சுட்டிக் காப்புறுதி பற்றியும் பேச்சு இருக்கிறது. மதிப்பீட்டாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் மழைமானியை மட்டும் அளவாக வைத்தால் வன்னிக்குப் பிழைக்கும். மழை மாங்குளத்தில் பெய்ய மூழ்குவது முரசுமோட்டை. பாலத்தடியிலும் வானிலும் நாட்டிய நீர்மட்ட அளவுகோலை அளவாக வைக்க வேண்டும், அதன் வாசிப்பை ஊரவரும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

வெள்ளப்படம் வந்தால் காணி விலை விழும், வீட்டுத்திட்டம் கிடைக்காது என்ற பயம் சனத்திடம் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் படத்தை ஊரவர் கூட்டத்தில் விரித்துத் திருத்த வேண்டும், பிறகு பிரதேச செயலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும், அதைக் காட்டி எந்த உதவியையும் மறுக்கக்கூடாது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். வெள்ளப் பிரதேசத்தை வகுத்து அறிவிக்க 1924 ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அனர்த்தத் திட்டம் வகுக்க 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. மாவட்ட செயலகங்கள் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆடி, ஆவணி வெயிலில் இந்த வேலையை முடிக்கலாம். பழைய வெள்ளங்களின் உயரத்தைத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு, இருவரும் காட்டும் இடம் பொருந்தினால் மட்டும் குறியுங்கள். குறியைச் சுண்ணாம்பால் போட வேண்டாம், ஒரு மாரியில் கரைந்துவிடும். சுவரில் ஒரு கொங்கிறீற்று ஆணி, அதன் மட்டத்தில் சிவப்பு எனாமல் கோடு, பக்கத்தில் ஆண்டும் மாதமும்.

இங்ஙனம்,
நீர்ப்பாசன வேலையும் கமமும் தெரிந்த சிலர்,
கிளிநொச்சி.