ஞாயிறு இணையவழிக் கூட்டம்: ஊடக நிறுவனங்களின் கார்பன் கணக்கு

இதழியல் துறை முன்னாள் மாணவர் அனைவருக்கும் வணக்கம். ஊடக நிறுவனங்களின் கார்பன் உமிழ்வு, காலநிலை இலக்குகள் குறித்த நம் கூட்டம் வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு இணையவழியில் நடைபெறும். இணைப்பு சனிக்கிழமை இரவு இங்கு பகிரப்படும்.

1. தாங்கள் பணிபுரியும் நிறுவனம் வெளியிட்டுள்ள அறிக்கையில் உமிழ்வு பற்றிய பக்கத்தைப் படித்து வரவும்.

2. உமிழ்வு மூன்று வகையாகக் கணக்கிடப்படுகிறது: நிறுவனம் நேரடியாக எரிக்கும் எரிபொருள், விலைக்கு வாங்கும் மின்சாரம், அச்சுக் காகிதம் முதல் விமானப் பயணம், சர்வர் சேவை வரையிலான மற்றவை. படப்பிடிப்புத் தளத்தில் விடிய விடிய உறுமும் டீசல் ஜெனரேட்டர் சொந்தமானதென்றால் முதல் வகையில் வரும். அதையே வாடகைக்கு எடுத்தால் மூன்றாம் வகைக்கு நழுவிவிடக்கூடும். ஆகவே மூன்றாம் வகையை விட்டுவிட்டுக் காட்டப்படும் குறைப்பை நான் அப்படியே நம்புவதில்லை.

3. இலக்கின் அடிப்படை ஆண்டு (குறைப்பை ஒப்பிடும் தொடக்க ஆண்டு), முடிவாண்டு இரண்டையும் குறித்து வரவும். நிறுவனங்களின் காலநிலை இலக்குகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான அறிவியல் அடிப்படையிலான இலக்குகளுக்கான முன்முயற்சியின் (SBTi) நிகர பூஜ்ஜியத் தரநிலை (நிகர பூஜ்ஜியம் என்பது உமிழ்வைப் பெருமளவு குறைத்து, எஞ்சியதை வளிமண்டலத்திலிருந்து அகற்றி ஈடுசெய்யும் நிலை), பெரும்பாலான துறைகளில் 2050-க்குள் உமிழ்வையே ஏறத்தாழ 90 சதவீதம் குறைக்கக் கோருகிறது. கார்பன் வரவுகளை (பிறர் செய்த உமிழ்வுக் குறைப்புக்கான சான்றுகளை) வாங்கி அந்தக் குறைப்பை ஈடுகட்ட முடியாது.

4. அலுவலக உள் ஆவணங்களைத் தயவுசெய்து பகிர வேண்டாம்.

5. வருகிறீர்களா, இல்லையா என்பதை வெள்ளி இரவு 9 மணிக்குள் இங்கேயே பதிலிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒருங்கிணைப்பாளர்