ஆண்டறிக்கை: கால்களையும் பார்க்கத் தொடங்கிய வருடம்

தலைவர் அவர்களுக்கும், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், குடும்பத்தாருக்கும் வணக்கம்.

நம் கடலூர் இதய நோயாளிகள் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் நடந்தன. மழை வலுத்த ஐப்பசியில் மட்டும் கூட முடியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது நம் கால்களைப் பற்றி.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் நடக்கும்போது நம்மில் சிலர் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் வலி போய்விடும். எழுந்து நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். வயசுதான் காரணம் என்று இருந்தோம். இதயத்தில் பைபாஸ் செய்தவர்களோ, அதற்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த இடம் வலிக்கிறது என்பார்கள்.

மூத்த உறுப்பினர் ஒருவர் இந்த வலியைச் சொல்லிக்கொண்டே இருந்தார். போன இடத்தில் இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். செருப்பைக் கழற்றுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கால்விரல் புண் கறுத்த பிறகுதான் கால் ரத்தக்குழாயில் அடைப்பு என்று தெரிந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. தினமும் கூடவே நடந்த நானும் கேட்காமல் விட்டேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் நம் முகாமில் கால் பரிசோதனையைச் சேர்த்தோம். சற்று நேரம் படுக்கவைத்து, இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் பி.பி. பட்டை கட்டி, சின்ன டாப்ளர் கருவியால் ரத்த ஓட்டத்தைக் கேட்டு அளக்கிறார்கள். கணுக்கால் பி.பி. அளவைக் கை பி.பி. அளவால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.7. விடை 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஊசி கிடையாது. 1.4-க்கு மேல் போனாலும் நிம்மதியாக இருக்க முடியாது. நாள்பட்ட சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் குழாய் கெட்டிப்பட்டு அமுங்காது, அளவு கூடுதலாகத் தெரியும். அப்போது கால் கட்டைவிரலில் அளந்து பார்க்க வேண்டும்.

வலியே இல்லை என்று சொன்னவர்களிலும் சிலருக்கு அளவு குறைவாக வந்ததுதான் எங்களை உலுக்கியது. அடைப்பு உள்ள பலருக்கும் கால் வலிப்பதில்லை. சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு வலி எப்படித் தெரியும்? ஆகவே வலிக்கிறதா என்று கேட்டு ஆள் பொறுக்கக் கூடாது. இதய நோயோடு சர்க்கரையோ பீடி, சிகரெட் பழக்கமோ உள்ள எல்லோருக்கும் பார்க்க வேண்டும். காலில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து அதிகம் என்பதால், இது காலோடு முடிகிற விஷயமும் இல்லை.

தெரிந்துவிட்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. புகையை விட வேண்டும். கொழுப்பு மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையும் போதுமா என்று மருத்துவர் பார்ப்பார். புண் இல்லாதவர்கள் அவர் சொல்கிறபடி வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கலாம். வாரம் 3 நாள், 12 வாரமாவது.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடம் பாதத்தையும் காட்டுங்கள்.

டாப்ளர் கருவி ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். விரலை இழந்த அந்த உறுப்பினரே அதை முன்மொழிகிறார்.