சுளகும் இலையும் தந்தவர்களுக்கு

மேலப்பாளையம், முக்கூடல் பீடி சுற்றும் அம்மாமாருக்கும், டீக்கடை அண்ணாச்சிமாருக்கும், அடுப்படி வரை எங்களை விட்ட வீட்டாருக்கும் வணக்கம்.

கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, சாப்பாட்டில் பாதியை அப்படியே விட்டு எழுந்திருப்பவர் உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு இது ஏன் என்று கண்டுபிடிக்க ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சை) அறையில் உள்ள சோதனைத் தாள்கள் போதாது. நீங்கள் கொடுத்த பொருள்கள்தான் காட்டிக்கொடுத்தன.

முதலில் வாழை இலை. நுனி இடப்பக்கம் வரப் போட்டு, உப்பும் ஊறுகாயும் இடது ஓரத்தில் வைப்பது நம் வழக்கம். மூளையின் வலப்பாதியில் அடிபட்டு இடப்பக்கக் கவனம் போனவர், “உப்பு வைக்கலையா?” என்பார். அப்போது இலையை அரைவட்டம் திருப்பி வைக்க வேண்டும். மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டால் வயிறு நிறையாமல்தான் இருந்திருக்கிறது. பார்வைப்புலம் (கண்ணுக்குத் தெரியும் பரப்பு) மட்டும் பாதி போனவர் பெரும்பாலும் தலையைத் திருப்பித் தேடிக்கொள்வார். கவனம் போனவருக்குத் தேடவே தோன்றாது. இரண்டும் சேர்ந்தும் வரும், அதுதான் சிக்கல். “இடது பக்கம் பாருங்க” என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்ட மதினிமாருக்குத் தனி நன்றி. அந்த ஒரு சொல் விழுந்தால் சோதனை கெட்டது.

சுளகு, கத்தரி, இலை வெட்டும் தகரம் கொடுத்த அம்மாமாருக்கு: பழுப்பு இலையில் பழுப்புத் தூள். நிறவேறுபாடு தெரியாத கண்ணுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடைக்காது. முதலில் அவரவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டோம். அடுத்து விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தோம். அதன்பின்தான் சுளகில் வெள்ளைத்தாள் விரித்தோம். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. தாள் விரித்ததும் வேகம் கூடினால் குறை கையில் இல்லை.

16 பீடிக்கட்டுகளைச் சுளகு முழுக்கப் பரப்பச் சொன்னது விளையாட்டல்ல. 75×50 செ.மீ. பலகையில் 16 கட்டைகளைப் பரப்பும் சோதனையின் நம்மூர் வடிவம் அது. பலகையில் இடது 7, வலது 9 வரை சரி. அதற்கு மேல் வலப்பக்கம் குவிந்தால் சந்தேகம். சுளகில் பார்த்ததை மதிப்பெண்ணாக எழுதவில்லை, பலகையில் பார்த்ததைத்தான் எழுதினோம்.

பேருந்துகளை ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்திய ஓட்டுநர்களுக்கும் நன்றி. பெயரின் இடப்பகுதி விடுபட்டால் ‘பாளையங்கோட்டை’, ‘செங்கோட்டை’ இரண்டும் வெறும் ‘கோட்டை’தான். ஒருவர் எந்த வண்டியில் ஏறிவிடுவார் என்பது அங்கே நின்று பார்த்தால்தான் புரியும்.

அன்றாட வேலைகளில் ஒரு பக்கக் கவனம் எவ்வளவு விட்டுப்போகிறது என்று அளக்கும் கேத்தரின் பெர்ஜெகோ அளவுகோலின் 10 கேள்விகளுக்கு வீட்டார் சொன்ன பதிலையும் நோயாளி சொன்ன பதிலையும் தனித்தனியே வாங்கினோம். மொத்த மதிப்பெண் 30, இரண்டு பதில்களின் மதிப்பெண்ணுக்கும் இடைவெளி பெரிதானால் தன் குறை அவருக்கே தெரியவில்லை. அந்தக் கணக்கைப் பார்த்துக் கோபப்படாத ஆச்சிகளுக்கு நன்றி.

சுளகுகளைத் துடைத்து வைத்திருக்கிறோம், கொண்டுவந்து தருகிறோம். அடுத்த முறையும் நாங்கள் வருகிறோம் என்று அடுப்படியை ஒதுங்கவைக்காதீர்கள். எவர்சில்வர் தட்டில் எவர்சில்வர் டம்ளர் கிடந்தபடியே கிடக்கட்டும்.

இப்படிக்கு,
ஆக்குபேஷனல் தெரபிப் பிரிவினர், திருநெல்வேலி