தீபாவளிச் சீலை வீட்டிலேயே தெரிவாகிவிடுகிறது

சுன்னாகம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கடைக் கதை தொடங்கினால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிக்கொண்டே யாருக்கோ துணி வெட்டிக் கொடுத்துக்கொண்டு நிற்பாய். கடிதம் என்றால் கடை பூட்டின பிறகு ஆறுதலாக வாசிப்பாய்.

போன கிழமை நீ சொன்ன விளம்பரக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. தீபாவளிக்கு ஒதுக்கின காசில் பாதி பத்திரிகைக்கு. மிச்சம் துண்டுப்பிரசுரத்துக்கும், ஒலிபெருக்கி கட்டின ஓட்டோவுக்கும், சந்தியில் கட்டுகிற பனருக்கும். போனுக்கு ஒரு சதமும் இல்லை, ஒரு ஆளும் இல்லை. கேட்டால், "போனில் படம் பார்க்கிற சனம் படம்தான் பார்க்கும், சீலை வாங்காது" என்கிறாய். அப்பாவும் இப்படித்தான் சொல்லுவார். அவருக்கு வயது போய்விட்டது, சொல்லலாம். நீ சொல்லலாமா?

வவுனியாவில் உனக்கு இது முதல் தீபாவளி. அதனால் நான் இத்தனை வருடம் புடவைக்கடையில் இருந்து கண்டதைச் சொல்கிறேன். பண்டிகை உடுப்பை இப்போது யாரும் கடைக்கு வந்து தெரிவு செய்வதில்லை. வீட்டில், போனைச் சுற்றி நாலு பேர் இருந்து முக்கால்வாசி முடிவு எடுத்துவிட்டுத்தான் படலையைத் திறக்கிறார்கள். கடைக்கு வருவது தொட்டுப் பார்க்கவும், கொஞ்சம் விலை குறைத்துக் கேட்கவும், காசைக் கட்டவும். அந்த நாலு பேர் இருந்து கதைக்கும்போது உன் கடைச் சீலையும் அங்கே இருக்கவேண்டும். ஓட்டோவில் போகிற சத்தம் அந்த வீட்டுக்குள் போகாது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறி மூன்று நாலு நாளில் நடந்த ஒன்றைக் கேள். அளவெட்டியில் இருந்து ஒரு அம்மம்மாவும் பேத்தியும் வந்தார்கள். அம்மம்மா கதிரையில் இருந்துகொண்டார். பேத்தி போனைத் திருப்பிப் பிடித்தாள். மற்றப் பக்கம் கனடாவில், ஸ்காபரோவில் இருந்து அம்மம்மாவின் மகள், பேத்தியின் சித்தி. நான் சீலையை விரிக்க விரிக்க, கேள்வியெல்லாம் போனுக்குள் இருந்துதான் வருகிறது. "அன்ரி, கரையைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்கோ." "தலைப்பை முழுக்க விரியுங்கோ." "இது கழுவினால் சாயம் போகுமோ?" அம்மம்மா சாம்பல் நிறத்தில் ஒன்றை மெல்லத் தடவிப் பார்த்தார். "அம்மா, அது வேண்டாம், உங்களிட்ட அந்த நிறத்தில இருக்கு" என்று உடனே மறுப்பு. கடைசியில் எடுத்தது மயில்கழுத்து நிறத்தில் ஒன்று. அதை நான் முதல் நாள் இரவு வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டிருந்தேன். பேத்தி பார்த்து, அந்தச் சித்திக்கு அனுப்பி, அவர் பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் பஸ் ஏறியிருக்கிறார்கள். அம்மம்மா போகும்போது என்னிடம் மெல்லச் சொன்னார்: "எனக்கு அந்தச் சாம்பல்தான் விருப்பம் பிள்ளை. காசு கட்டுறவ சொல்லுறதைக் கேக்கத்தானே வேணும்."

உடுப்பவர் அளவெட்டியில், காசு கட்டுகிறவர் கனடாவில். இரண்டு பேரும் ஒன்றாக நின்று சீலை பார்க்க இந்த உலகத்தில் போனை விட்டால் வேறு இடம் இல்லை. எங்கள் சனத்தின் பண்டிகை யாவாரம் முழுக்க இதிலேதான் நிற்கிறது. வவுனியாவிலும் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீடு எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்.

அதனால் நேரம் பார்த்துப் போடு. காலையில் கடை திறந்தவுடன் படம் போடுகிறாயே, அப்போது ரொறன்ரோவில் நடுச்சாமம். தீபாவளிக்கு முந்தின கிழமைகளில் ரொறன்ரோ எங்களுக்கு 9½ மணித்தியாலம் பின்னால் நிற்கும், லண்டன் 4½, பாரிஸும் சூரிச்சும் 3½. நீ இரவு 7.30க்குப் போட்டால் ரொறன்ரோவில் காலை 10, லண்டனில் பின்னேரம் 3, பாரிஸில் 4. இங்கேயும் சனம் சாப்பாட்டுக்கு முன்னம் போனும் கையுமாக இருக்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் நல்லது, அங்கே அநேகம் பேருக்கு லீவு. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவும் நவம்பர் முதல் ஞாயிறு ரொறன்ரோவும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு எடுப்பார்கள். அதற்குப் பிறகு அரை மணி ஒரு மணி பிந்திப் போட்டாலும் பரவாயில்லை.

வெளிநாட்டுக் காசை விடு. நெடுங்கேணியில் இருந்தும் செட்டிகுளத்தில் இருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களை யோசி. ஒரு நாள் வேலையை விட்டு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கும் காசு கொடுத்து வருகிற தாய்க்கு, எட்டு வயதுப் பிள்ளையின் அளவில் பாவாடை சட்டை இருக்கிறதா, என்ன விலை என்று முதலே தெரிந்தால் அது எவ்வளவு பெரிய உதவி! அவ உன் கடைக்கு நேரே வருவா. தெரியாவிட்டால் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற கடைக்குள் போய்விடுவா.

வெளிநாட்டில் இருக்கிற அக்காவிடமும் கேட்டேன். அங்கே நவம்பரில் பிளக் பிரைடே, நத்தாருக்கு அடுத்த நாள் பொக்சிங் டே என்று மலிவு விற்பனை. சனம் கடைக்குள் நின்றுகொண்டே போனில் மற்றக் கடை விலையைப் பார்ப்பார்களாம். இங்கேயும் அது வந்துவிட்டது. போன மாதம் ஒரு பெடியன் என் முன்னால் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையின் படத்தைக் காட்டி, "அன்ரி, அங்க இருநூறு குறைவு" என்றான். படத்தில் இருந்தது கரை இல்லாத வேட்டி. அதைக் காட்டினேன், வாங்கிக்கொண்டு போனான். என் கடைப் படத்தில் கரையும் விலையும் தெளிவாக இருந்திருந்தால் அவன் அந்தக் கேள்வியோடு வந்திருக்கவே மாட்டான்.

இதில் ஒன்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "விலை இன்பொக்ஸில்" என்று போடுகிறார்களே, நீயும் போட்டிருக்கிறாய், பார்த்தேன். அதை விடு. விலை கேட்கக் கூச்சப்படுகிற சனம் எங்கள் சனம். கேட்டுவிட்டு வாங்காமல் விட்டால் என்ன நினைப்பார்களோ என்று கேட்காமலே விட்டுவிடுவார்கள். படத்தின் மேலேயே விலையை எழுது. பக்கத்துக் கடைக்காரன் பார்ப்பான் என்று பயப்படாதே, அவன் ஆள் அனுப்பி எப்பவோ பார்த்திருப்பான்.

படம் எடுக்கிறதும் அப்படித்தான். ரியூப் லைற்றுக்குக் கீழே எடுத்தால் குங்குமச் சிவப்பு வேறு ஒரு சிவப்பாகத் தெரியும். பிறகு வந்து பார்த்து, "படத்தில் வேறு நிறம்" என்று சண்டை. பின்னேரம் நாலு மணிக்குக் கடை வாசலில் வெயில் படாத வெளிச்சத்தில் விரித்து, ஒன்று முழுச்சீலை, ஒன்று தலைப்பு, ஒன்று கரை கிட்டவாக. மூன்று படம் போதும். மருமகளை உடுத்தி நிற்கச் சொல்லிப் படம் எடுக்காதே, ஊர் கதைக்கும் என்பதற்காக இல்லை, அவவுக்கு விருப்பமில்லை என்று என்னிடம் சொன்னா.

வட்ஸ்அப் பிசினஸ் என்று தனி அப் ஒன்று 2018இல் இருந்து இருக்கிறது, காசு இல்லை. சாமான்களைப் படமும் விலையுமாக அடுக்கி வைக்க அதில் இடம் உண்டு. வாடிக்கையாளருக்கு அடையாளமும் போடலாம்: வெளிநாடு, பள்ளிக்கூட உடுப்பு, பட்டு மட்டும் எடுப்பவர் என்று. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிற வசதியில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் இதைக் கவனி: உன் இலக்கத்தைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நீ ஊரில் உள்ள இலக்கமெல்லாம் சேர்த்துப் பட்டியல் போட்டாலும், அவர்கள் பதியாவிட்டால் அது காற்றில் போகும். ஆகவே வேலை தொடங்குகிற இடம் காசு மேசை. பில் போடும்போதே, "எங்கட நம்பரைப் பதிஞ்சு ஒரு வணக்கம் அனுப்பிவிடுங்கோ, புதுசு வந்தால் படம் போடுறன்" என்று கேள். பையிலும் பில்லிலும் இலக்கத்தைப் பெரிதாக அடி. பனருக்கு வைத்த காசு இதற்குத் தாராளமாகப் போதும்.

பட்டன் போன் வைத்திருக்கிறவர்களை மறந்துவிடாதே. அவர்களுக்குக் குறுஞ்செய்திதான். உலகத்தில் போன முதல் குறுஞ்செய்தியே ஒரு பண்டிகை வாழ்த்து என்று தெரியுமா? 1992 டிசம்பர் 3, இங்கிலாந்தில், நத்தார் வாழ்த்து. தமிழில் அனுப்பும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலிஷ் என்றால் ஒரு செய்தியில் 160 எழுத்து, தமிழ் என்றால் 70தான். அதிலும் எழுத்தோடு சேருகிற குற்றும் விசிறியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும், எங்களுக்கு ஒரு எழுத்தாகத் தெரிகிற "தே" அதற்கு இரண்டு. 70ஐத் தாண்டினால் இரண்டு செய்திக் காசு. நான் நல்லூருக்கு அனுப்பினது இவ்வளவுதான்: "நல்லூர்த் தேருக்குப் பட்டு வேட்டி வந்திட்டுது. இரவு 9 வரை கடை." 62இல் முடிந்தது. "எமது பெருமதிப்புக்குரிய வாடிக்கையாளர்களே" என்று நீ தொடங்கினால் அந்த வரியிலேயே பாதி காலி.

எத்தனை தரம் அனுப்புவது என்று கேட்பாய். சரி, தீபாவளிக்கு மூன்று. சாமான் இறங்கினவுடன் ஒன்று, அரசாங்க உத்தியோகத்தருக்குப் பண்டிகை முற்பணம் கிடைக்கிற கிழமை ஒன்று, கடைசி இரண்டு நாளுக்கு முன் கடை நேரம் சொல்லி ஒன்று. அதற்கு மேல் அனுப்பினால் உன் இலக்கத்தை அழித்துவிடுவார்கள். எனக்கு ஒரு கடை ஒவ்வொரு நாளும் விடியப்புறம் "காலை வணக்கம்" பூப்படம் அனுப்பும், நான் அதை எப்பவோ தடை செய்துவிட்டேன். யாரிடமும் இலக்கப் பட்டியல் விலைக்கு வாங்காதே. அந்தச் சங்கக்காரர் தருகிறார், இந்தப் பள்ளிக்கூடத்தில் எடுக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். 2022இல் வந்த 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆட்களின் சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்தி அனுப்புவதைப் பற்றியும் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், கேளாமல் வீட்டுக்குள் வருகிறவனிடம் யார் சாமான் வாங்குவார்கள்?

கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். பின்னேரம் ஆறில் இருந்து ஒன்பது வரை கடைப் பிள்ளைகளில் ஒருவரைப் போனுக்கென்றே விடு. பதில் வராத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போக அவர்களுக்கு ஒரு விரல் போதும்.

காசு விசயம். இங்குள்ளவர்களுக்கு லங்கா கியூஆர் மட்டையை மேசையில் வை, அதில் சேர்ந்த எந்த வங்கி அப்பில் இருந்தும் கட்டலாம். வெளிநாட்டில் இருந்து வங்கிக்குப் போடுகிறவர்கள் சிட்டையைப் படம் எடுத்து அனுப்புவார்கள். படத்தை நம்பிப் பொதியைக் கொடுக்காதே. கணக்கில் காசு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கட்டு. இங்கே ஒரு கடையில் திருத்தின சிட்டையைக் காட்டி மூன்று பட்டுச்சீலை கொண்டுபோய்விட்டார்கள்.

பத்திரிகையை முழுக்க விடச் சொல்லவில்லை. அப்பா போன்றவர்கள் காலையில் அதை வரிவரியாக வாசிக்கிறார்கள், மரண அறிவித்தலில் இருந்து தொடங்கி. அரைப் பக்கத்தைக் காற்பக்கம் ஆக்கி, அதிலும் வட்ஸ்அப் இலக்கத்தைப் போடு. ஓட்டோவை மட்டும் நிற்பாட்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற ஊரில் நீ கத்திக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவில்லை.

துணியைத் தொட்டுப் பார்க்கிற சுகத்தைப் போன் கொடுக்காது, அது எனக்கும் தெரியும். அதற்குத்தான் கடை இருக்கிறது. ஆனால் நீ கடையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தால் மட்டும் வருகிற காலம் இல்லை இது.

பருத்திச் சீலைப் பொதி இரண்டும் வெள்ளிக்கிழமைப் பஸ்ஸில் வரும். கடகத்தில் பனங்கிழங்கு ஒடியலும் மிளகாய்த்தூளும் வைத்திருக்கிறேன், தூளை வெயிலில் ஒருக்கால் காயவிடு. பொதியை எடுத்தவுடன் நாலு சீலையைப் படம் எடுத்து, விலையும் எழுதி, முதலில் எனக்கு அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

இங்ஙனம்,
அம்மா